கமா

பிப்ரவரி 11
என் மகள் பெலெய்னா இன்று என்னைக் கூப்பிட்டாள். ஐந்து வயதில், முதல்முறையாக. மீன் கழுவிக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து "கமா!" எங்கள் பேச்சில் அப்பா என்று. கத்தி கையிலிருந்து நழுவிவிட்டது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளை, பேச்சு வருவதே சந்தேகம் என்று சொன்ன டாக்டர் வாயில் மண் விழ.

மார்ச் 4
நியூசிலாந்திலிருந்து வந்திருக்கும் பேச்சுப் பயிற்சியாளர் ஹெலனிடம் காட்டினோம். எங்கள் சமோவன் மொழியை நன்றாகவே பேசுகிறாள், எல்லாம் பைபிளில் படித்தது. பிள்ளை 'கமா' என்றதும், "'தமா'ன்னு வரணும். நாக்கு பின்னால போகுது, முதல்ல அதத் திருத்தலாம்" என்றாள்.

திருத்த என்ன இருக்கிறது? வீட்டில், சந்தையில் நாங்கள் எல்லோருமே 'த' வரும் இடத்தில் 'க'தான். சர்ச்சிலும் வெள்ளைக்காரர் முன்னாலும் மட்டும் 'த'. ஹெலன் முன்னாலும் நானும் என் மனைவி வையோலாவும் 'த' 'த' என்று அவ்வளவு சுத்தமாகப் பேசிக்கொண்டிருந்தோம். பாவம், ஹெலனுக்கு எப்படித் தெரியும்? சொல்ல வாயெடுத்தேன். வையோலா என் காலை மிதித்தாள்.

வெளியே வந்து சீறினாள்: "நாம கொச்சையாப் பேசுறவங்கன்னு அவகிட்ட சொல்லி மானத்த வாங்கப் போறியா?"

மார்ச் 5
சொல்லியிருக்கலாம். எனக்கும் வெட்கம்தான். தூ.

மே 20
'கமா' என்றால் திரும்பக்கூடாதாம், ஹெலன் சொல்லிக்கொடுத்த பயிற்சி. பிள்ளையின் உதட்டில் விரல் வைத்து, இல்லையென்று தலையசைக்க வேண்டும். 'தமா' என்றால் பிஸ்கட். காலையில் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு "கமா... கமா..." என்றாள். நான் சுவரைப் பார்த்து நின்றேன். என்ன ஜென்மம் நான்? 'ஸ' வரவில்லை, 'ஃப' வரவில்லை – அதற்கெல்லாம் இப்போது நேரமில்லையாம்.

ஜூலை 9
கூப்பிடுவதே இல்லை. துணியைப் பிடித்து இழுக்கிறாள்.

ஆகஸ்ட் 2
ஹெலனிடம் உண்மையை உடைத்துவிட்டேன். முகம் வெளுத்துப்போய், "ஏன் அன்னைக்கே சொல்லல? இன்னையோட நிறுத்துங்க" என்றாள். வையோலா நிறுத்தவில்லை. அக்டோபரில் சர்ச்சில் பிள்ளைகளுக்கான திருநாள், வெள்ளை ஞாயிறு; அதற்குப் பாதிரியார் மனைவி பெலெய்னாவுக்குச் சொல்ல ஒரு வரி கொடுத்திருக்கிறாளாம். சர்ச்சில் 'க' என்று நின்றால் ஊர் சிரிக்குமாம்.

அக்டோபர், வெள்ளை ஞாயிறு
பிள்ளைகள் எல்லாம் வெள்ளை உடுப்பில். பெலெய்னா முன்னால் வந்து, மேலே பார்த்து, "தமா, நன்றி" என்றாள். பரலோகத்தில் இருக்கிற பிதாவுக்கு. அப்படியொரு சுத்தமான 'த'. சர்ச்சே அழுதது, வையோலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இன்று பிள்ளைகள் முதலில் சாப்பிட, பெற்றவர்கள் பரிமாற வேண்டும். கோழியும் சேப்பங்கிழங்கும் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான்தான்டி. கமா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். எண்ணெய் விரலை என் உதட்டில் வைத்து, தலையசைத்தாள்.