நெற்றிப்பொட்டுக்கு உள்ளே

பாவா,

இன்று காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. என் மகள் பள்ளிக்கூடத்துக்காக மண்டை ஓட்டை வரைந்து, ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் நெற்றி எலும்பு, மேலே இரண்டு உச்சி எலும்புகள், பின்னால் பிடரி எலும்பு. காதுக்குச் சற்று முன்னே, நெற்றிப்பொட்டில் விரலை வைத்து, "இங்கதான் நைனா எலும்பு ரொம்ப மெல்லிசு. உள்ள ஒட்டிகினு ஒரு ரத்தக்குழாய் போவுது" என்றாள். "ஆங்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த இடம் எனக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் திருத்தணியில் நூல் வாங்கிக்கொண்டு நாம் திரும்பிய காலை அது. வண்டியை ஓட்டியது நான். இருந்த ஒரே ஹெல்மெட்டும் என் தலையில். கே.ஜி.கண்டிகை வளைவில் ஆடு குறுக்கே பாய, பிரேக் பிடித்துச் சறுக்கி விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. உங்கள் தலையின் வலப்பக்கம் மைல்கல்லில் மோதியது. கூப்பிடக் கூப்பிட நீங்கள் கண் திறக்கவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு தானாக எழுந்து உட்கார்ந்து, "நூலு மண்ணாயிடுச்சா பாரு" என்றீர்கள்.

டீக்கடை அம்மா ஓடிவந்து, "மயக்கம் போட்டாரேப்பா, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ" என்றார்.

"ரத்தமே வரல, ஆஸ்பத்திரி எதுக்கு? தறி நின்னுகினு இருக்குது" என்று சிரித்தீர்கள்.

என்னிடம் லைசென்சு இல்லை. விபத்து என்றால் கேஸ் எழுதுவார்களே என்று பயந்துகொண்டிருந்தேன். நீங்கள் வேண்டாம் என்றதும் என் மனம் லேசானது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

அம்மையார்குப்பத்தில் வீட்டுக்கு வந்து, உங்கள் மனைவியான என் அக்கா போட்ட சோற்றில் இரண்டு வாய் சாப்பிட்டீர்கள். வாந்தி வந்தது. "தலை பாரமா கீது. கொஞ்சம் படுத்தா சரியாப்பூடும்" என்றீர்கள். உங்கள் குறட்டையை வாசலில் நின்று கேட்டேன். நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று நிம்மதிப்பட்டேன். பிற்பகலில் அக்கா உலுக்கியபோது நீங்கள் எழவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தேன். வலது கண்ணின் பாப்பா மட்டும் அகலமாக விரிந்து கிடந்தது.

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னை மட்டும் தனியே அழைத்து ஸ்கேன் படத்தைக் காட்டினார்.

"எலும்புக்கும் மூளைக்கும் நடுவுல கெட்டியா ஒரு உறை இருக்கு. பொட்டு எலும்பு விரிசல் விட்டு, ரத்தக்குழாய் அறுந்து, அந்த உறைக்கு மேல ரத்தம் சேர்ந்திருக்கு. மண்டை ஓடு விரிஞ்சு குடுக்காது. அதனால மூளை நசுங்கிடுச்சு."

"அப்போ மூளையில அடி இல்லீங்களா?"

"பெருசா இல்ல. முன்னாடியே வந்திருந்தா ஓட்டை போட்டு ரத்தத்தை எடுத்திருக்கலாம். பொழைச்சிருப்பாரு."

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்று மகளின் படத்தைப் பார்த்த பிறகு தெருவில் இரண்டு முறை போய்வந்து, கடைசியில் அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். லைசென்சு விஷயத்தை மட்டும் நின்றபடியே சொன்னேன்.

அவள் கை நின்றது. "எனக்கு அன்னைக்கே தெரியும்டா. படுக்கும்போது சொன்னாரு. 'ஆஸ்பத்திரிக்குப் போனா உன் தம்பியை கேஸ்ல மாட்டிடுவாங்க, யாரும் ஒண்ணும் கேக்காதீங்க'ன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

நீங்கள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் உள்ளே ரத்தம் சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

அக்கா என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பவே எழுப்பி இட்டுகினு போயிருந்தா பொழைச்சிருப்பாராடா?"

"இல்லக்கா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு மறுபடி நூலைச் சுற்றத் தொடங்கினாள். உண்மையான பதிலை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன், பாவா. பிழைத்திருப்பீர்கள்.