பவித்ராவின் கண்

பிப்ரவரி 6
ஏரியில் இறங்கினேன். கையில் இறால் பட்டதும் விட்டுவிட்டேன். என் மகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள், எனக்கு இறால் எதற்கு? பதினாறாம் நாள் காரியத்துக்குப் பவித்ரா படம் வேண்டும். செல்போன் உடைந்துவிட்டது. அவள் சிரித்த படமெல்லாம் அதிலிருந்த மெமரி கார்டில்தான்.

பிப்ரவரி 7
தோணி வரவில்லை. பழவேற்காட்டு ஸ்டூடியோவுக்குத் தண்ணீரிலேயே நடந்தேன். இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும்போது, அதைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வோமே, அதே பழக்கம் – கார்டையும் பல்லில் வைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு பள்ளம். கால் வழுக்கியதும் பல் இறுகிவிட்டது.

ஸ்டூடியோக்காரர் பிரசாந்த் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டார். படங்களின் பெயர் வரிசையாக வந்தது. போட்டோஷாப்பில் ஒன்றும் திறக்கவில்லை. வேறு எதெதிலோ போட்டுப் பார்த்தார். ஒரே ஒரு படத்தில் நெற்றியும் ரிப்பனும் வந்தன. கீழே முழுக்கச் சாம்பல் நிறம்.

"இன்னாக்கா, கார்டுல பல்லு பதிஞ்சிருக்குது?"

கார்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பிப்ரவரி 8
நாத்தனார் லோகநாயகி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "பெத்த பொண்ணு மூஞ்சியக் கடிச்சித் துன்னுட்டியே அண்ணி." என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். பீடியைப் பற்றவைத்தார்.

பிப்ரவரி 9
சோறு வாயில் வைத்தால் கார்டு கடிபடுகிறது.

பிப்ரவரி 10
லோகநாயகி போனில் ஒரு படம் இருக்கிறதாம். பவித்ராவைக் கிடத்தியிருந்தபோது எடுத்தது. எப்ப எடுத்தா? யாரக் கேட்டு எடுத்தா? ஸ்டூடியோவில் அது மட்டும் உடனே திறந்துகொண்டது. மூக்கில் பஞ்சு.

"பஞ்ச எடுத்துரலாங்க்கா. கண்ணத் தொறந்து வெச்சிரலாம். அதே வயசுப் பொண்ணு கண்ணு இருந்தாப் போதும்."

லோகநாயகி தன் மகள் சத்யாவை நாற்காலியில் உட்காரவைத்தாள். "என் பொண்ணு கண்ணக் குடுக்குறேன், எட்த்துக்கோ அண்ணி. இதயாவது பத்திரமா வெச்சுக்கோ."

பிப்ரவரி 12
காரியம் முடிந்தது. படத்தில் பவித்ரா விழித்துப் பார்க்கிறாள். வந்தவர்கள் எல்லோரும் "அப்டியே கீதும்மா" என்றார்கள். என் வீட்டுக்காரருங்கூட.

பிப்ரவரி 19
சத்யா "அத்தே" என்று ஓடி வந்தாள். தாடையைப் பிடித்துப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

"இன்னாத்தே?"

"சிமிட்டாதடி."

சிமிட்டினாள். அறைந்துவிட்டேன். அழுதாள். நான் துடைத்துவிடவில்லை. அந்தக் கண்ணில் தண்ணீர் வந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.