எடைக்கு வந்த வாசகர்கள்

திண்டுக்கல்,
ஜூலை 29.

அன்புள்ள லிடியாவுக்கு,

ஷரீஃபா எழுதுவது. உனக்கும், பெங்களூரில் உன் மகன், மருமகள் இருவருக்கும் என் சலாம். பதிலுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு மேலே படி.

முதலில் ஓர் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊர்க்காரர்கள் மூலம் உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. இந்த மாதம் ஒன்பதாம் தேதி, எங்கள் நூலக வாசலில் நாற்பது பேருக்கு முன்னால் நின்று, வாசிப்பின் மேன்மை பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் இவ்வளவு பெரிய கூட்டம் எனக்காக நின்றதே இல்லை. பேசும்போது கண்கூடக் கலங்கியது. அந்த நாற்பது பேரும் பழைய புத்தகத்தை எடைக்குப் போட வந்தவர்கள் என்பது பேசி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சிரித்தாயா? சிரித்திருந்தால் இந்தக் கடிதத்தின் பாதி வேலை முடிந்தது.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. போன மாதம் உன் மகனைப் பிடித்துக் கேட்டேன். "அம்மா நியூஸ் பேப்பர்கூடப் படிக்கிறதில்ல ஆன்ட்டி" என்றான். அதனால்தான் தபாலில் வருகிறேன். கடிதத்தை கட் பண்ண முடியாது.

இங்கே எல்லோரும் சுகம். பக்ரீத் முடிந்த கையோடு தோல் மண்டியில் வேலை நெருக்கி, என் வீட்டுக்காரர் பீர் முகமது இளைத்துவிட்டார். அவர் இளைப்பதற்கும் சேர்த்து நான் ஊதிக்கொண்டிருக்கிறேன். நாகல் நகரில் ஆட்டோக்காரர்கள் என்னைக் கண்டால் இப்போதெல்லாம் பின் சீட்டில் வேறு யாரையும் ஏற்றுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. நாளொன்றுக்கு ஐம்பது வாசகர்கூட வராத கிளைகளைப் பகுதிநேர நூலகமாக மாற்றப்போகிறார்களாம். சாயங்காலம் மூன்று மணி நேரம் திறந்தால் போதுமாம். எங்கள் வருகைப் பதிவேட்டில் நாளுக்கு முப்பது கையெழுத்து. அதிலும் ஆறு, ராசிபலன் பார்க்க வரும் ஒரே பெரியவர் ஆறு பேனாவில் போடுவது. அவரை அப்படிப் போடச் சொன்னது யார் என்று நீ கேட்காதே.

பகுதிநேரமாகிவிட்டால் என்னை மலை மேல் எங்காவது தூக்கிப் போடுவார்கள். என் முட்டி அதைத் தாங்காது. அதுகூடப் போகட்டும். முழுநேரக் கிளையாக நீடித்தால்தான் உதவிக்கு ஒரு தற்காலிக ஆள் வேண்டும் என்று கேட்டு எழுத முடியும். அந்த ஓர் இடத்தை நினைத்துத்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்து இரண்டு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். நூலகச் சேவைகளைச் சந்தைப்படுத்துவது எப்படி என்று தலைப்பு. சென்னையிலிருந்து ஒரு தம்பி பளபளக்கும் ஷூவோடு வந்திருந்தார். ஷாம்பு விற்பதும் நூலகத்தை விற்பதும் ஒன்றுதான் என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் பாதிப் பேர் மத்தியானம் பிரியாணியா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாதியில் நானும் உண்டு. தயிர் சாதம்தான் போட்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும், ஒரே நிமிடத்தில் உங்கள் நூலகத்தை எனக்கு விற்றுக் காட்டுங்கள் என்று ஒவ்வொருவராக எழுப்பினார். என் முறை வந்தது. வேலை நேரம் சொன்னேன், வெள்ளிக்கிழமை விடுமுறை சொன்னேன், சத்தம் போடக் கூடாது, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது, புத்தகத்தைத் தாமதமாகக் கொடுத்தால் அபராதம் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அந்தத் தம்பி மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "மேடம், நாப்பது செகண்ட்லயே என்னைய வெளிய தொரத்திட்டீங்க" என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தேன். இருபத்திரண்டு வருடமாக நான் வாசலில் நின்று செய்துகொண்டிருந்தது அதைத்தானோ என்று தோன்றிவிட்டது.

மறுநாள் அவர் சொன்ன ஒன்று மட்டும் மண்டைக்குள் நின்றது. உங்கள் தெரு ஜனங்கள் யார் குரலுக்குக் காது கொடுக்கிறார்களோ, அந்த இடத்திலிருந்து பேசுங்கள் என்றார். எங்கள் தெரு யார் குரலுக்குக் காது கொடுக்கும்? கவுன்சிலருக்கா, எனக்கா? பழைய இரும்பு, பேப்பர் எடுக்கும் ராமருக்குத்தான். மொபெட்டில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அவர் தெருமுனையில் திரும்பினால், அடுப்பில் இருக்கும் வெஞ்சனத்தைக்கூட இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வாசலுக்கு வருவார்கள்.

ராமரிடம் இன்னொரு ஸ்பீக்கர் சும்மா கிடந்தது. ஒரு நாளைக்குக் கேட்டேன். "படிப்பு விசயத்துக்குத் தரமாட்டேன்னா சொல்வேன், எடுத்துக்கங்கக்கா" என்று அவரே வந்து எங்கள் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். என் குரலை பென்டிரைவில் பதிந்து வைத்திருந்தேன். 'வாருங்கள், உங்கள் நூலகம் உங்களை அழைக்கிறது' என்று தேன் ஒழுகும் குரல். பீர் முகமது கேட்டுவிட்டு, "இந்தக் கொரல்ல என்னைய ஒரு நாளாச்சும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கியா?" என்றார்.

பென்டிரைவைச் செருகினேன். முதல் சுற்று முழுதாக ஓடியது. என் குரலில் நானே மயங்கி, எங்கள் துப்புரவுப் பணியாளர் ஒச்சாயியை வாசலில் உட்கார்த்திவிட்டு, மாதாந்திர அறிக்கை கொடுக்க ஆட்டோ ஏறி மாவட்ட நூலக அலுவலகம் போய்விட்டேன். அந்த ஸ்பீக்கருக்கு ஒரு குணம் உண்டு என்று ராமர் சொல்லவில்லை. பென்டிரைவில் இருப்பது ஒருமுறை ஓடி முடிந்தால், அது தன்னுள்ளே இருக்கும் பழைய மெமரி கார்டுக்குத் தாவிவிடும். அப்புறம் அதையே திருப்பித் திருப்பிப் பாடும்.

ஒன்றரை மணி நேரம், லிடியா! அரசு நூலகத்தின் வாசலிலிருந்து, "பழைய பேப்பரு, பழைய புக்கு, நோட்டு, கைடு, கிழிஞ்சது, செல்லரிச்சது, எதுவா இருந்தாலும் நல்ல வெலைக்கு எடுத்துக்கிறோம்" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தியிருக்கிறது. பேட்டரி தீர்ந்து அது ஓய்ந்த பிறகுதான் நான் திரும்பி வந்தேன். தெருமுனைவரை வரிசை. எல்லோர் கையிலும் பை, சாக்கு. ஆஹா, வீட்டிலிருந்த புத்தகங்களை நன்கொடையாகக் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அந்த வேகத்தில் இடம் வலம் பார்க்காமல் உள்ளே ஓடி, தலையை வாரி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வந்து படியில் நின்று பேசினேன்.

பேச்சு முடிந்ததும் ஒருவரும் கை தட்டவில்லை. முதல் ஆளாக நின்ற ஓர் அம்மாள், பெயர் ஜக்கம்மாள், வடமதுரைப் பக்கம் தோட்டத்தில் பூ போடுகிற சம்சாரி, சந்தைக்குக் கனகாம்பரம் கொண்டுவந்துவிட்டு இங்கே மகள் வீட்டில் தங்கியிருந்தவர், சாக்கைத் தொப்பென்று இறக்கினார். "நல்லாத்தேன் பேசுற தாயி. அம்புட்டும் சரி. கிலோ என்ன வெல?" என்றார்.

திரும்பிப் பார்த்தால், நாளிதழ் மேஜை மேல் எதிர்க் காய்கறிக் கடையின் தராசு. அதன் பக்கத்தில் ஒச்சாயி, கையில் படிக்கல்லோடு! "என்ன ஒச்சாயி இது?" என்றேன். "பயிற்சிக்குப் போயிட்டு வந்ததுல இருந்து நீங்க என்னென்னமோ செய்றீக. இதுவும் அதுல ஒண்ணுன்னு நெனச்சேன். செத்த நேரத்துல இருவது பேருக்கு நிறுத்து வச்சிருக்கேன், சீட்டுல எழுதியிருக்கேன். ஒரு கிராம் தப்பாது" என்றாள். அவள் குரலில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்குத் திட்ட மனசு வரவில்லை.

இங்கேதான் கதை திரும்பியது. தினமும் காலையில் வந்து இருட்டும்வரை படிக்கும் ஜீவிதா என்ற பெண் எங்களுக்கு இருக்கிறாள். குரூப் டூ பரீட்சைக்குத் தயாராகிறாள். வீட்டில் ஒரே அறை, ஐந்து பேர். மூன்று மாதமாக என்னிடம் ஒரு வழிகாட்டி நூலைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள். நானும் வாங்கச் சொல்லி எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்தவள், ஜக்கம்மாளின் சாக்கு வாய் திறந்திருப்பதைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மேடம், இதுதான் மேடம்! பேனாக் கோடுகூட விழல" என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சாக்குக்குள் முப்பது புத்தகம் அப்படி. ஜக்கம்மாளின் மகன் வாங்கிக் குவித்தவை. இப்போது அவன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டானாம். "படிச்சுக் கிழிப்பான்னு பாத்தேன். கிழிக்கக்கூட இல்ல" என்றார்.

வரிசையில் இருந்த சாக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். போலீஸ் வேலைக்கு, நர்சிங்குக்கு, வங்கிக்கு, டாக்டர் படிப்புக்கு. ஒரு தெரு எதற்கெல்லாம் ஆசைப்பட்டது என்பது சாக்குச் சாக்காக என் வாசலில் நின்றது. நான் என்னவோ இத்தனை நாள் அந்தத் தெருவுக்கு எச்சில் தொடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

விலை எல்லாம் கொடுக்க முடியாது, ஆனால் கொடுத்தவர் பெயரை முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுவேன், வீட்டில் ஒருவருக்கு உறுப்பினர் அட்டையும் உண்டு என்றேன். பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீதிப் பேர் ஜக்கம்மாளையே பார்த்தார்கள். அவர் ஜீவிதாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எம் பேரப் போடாத தாயி. அவன் பேரப் போடு. என்னைக்காச்சும் வந்து பாத்தா ரோசம் வரட்டும்" என்றார். பிறகு தனக்கு ஒரு கதைப் புத்தகம் கேட்டார். அழுகாச்சி இருக்கக் கூடாது, எழுத்து பெருசாக இருக்க வேண்டும். நம் அலமாரியில் அப்படி ஒன்றைத் தேட எனக்கு அரை மணி நேரமானது.

மறுநாள் ராமர் வந்து, "எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீங்களேக்கா, ஒரு கிலோ பேப்பர் சிக்கல" என்று சண்டை பிடித்தார். அவரைச் சமாதானப்படுத்த டீ வாங்கிக் கொடுத்தேன். உள்ளே வந்து டீயைக் குடித்தவர், பிள்ளைகள் படிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இப்போது அவர் எடுக்கும் சரக்கில் கைடு வந்தால் தனியாகப் பிரித்து எங்கள் படியில் வைத்துவிட்டுத்தான் குடோனுக்குப் போகிறார்.

போன வாரம் நாளுக்கு நூற்றுப்பத்துப் பேர். எல்லாம் நிஜக் கையெழுத்து. ராசிபலன் பெரியவரின் மற்ற ஐந்து பேனாவுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டேன். நேற்று மாதக் கூட்டத்தில் முழுநேரமாகத் தொடரும் கிளைகளின் பட்டியலை அதிகாரி வாசித்தார். எங்கள் பெயர் வந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பிடித்து உலுக்கினார்கள். "தெருவையே கலக்கிட்டீங்களாமேம்மா" என்று அதிகாரி சிரித்தார். அடுத்த மாதப் பயிற்சியில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு: சரியும் கிளையைச் சந்தைப்படுத்தலால் மீட்ட அனுபவம். நாற்பது நிமிடம்.

இப்போது உன் விஷயம். தற்காலிக ஆள் கேட்டு இன்று காலையே எழுதிக் கொடுத்துவிட்டேன். சம்பளம் சொன்னால் உன் மகன் சிரிப்பான். ஆனால் தரையில் நானூற்றுச் சொச்சம் புத்தகம் பகுப்பு எண் போடாமல் கிடக்கிறது. நான் எண் போட்டால் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். நாம் சேர்ந்து நூலகப் படிப்புப் படித்த காலத்தில் மாட்டு வைத்தியத்தைச் சமையலில் வைத்தவள் நான். அட்டையை முகர்ந்து பார்த்தே எண் சொல்கிறவள் நீ.

உன் கல்லூரியில் அலமாரிகளை எடுத்துவிட்டுக் கணினி மேஜை போட்டபோது, சாவியை உன் கையாலேயே வாங்கிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நீ என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றும் கேட்கவில்லை. ஜீவிதா மட்டும் கேட்கிறாள், இதையெல்லாம் பாடவாரியாக எப்போது மேடம் அடுக்குவீர்கள் என்று. ஒருவர் பெங்களூரிலிருந்து வருகிறார் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்ன பாவம் எனக்கு வேண்டாம். ஜன்னல் பக்கத்து நாற்காலியை ஒச்சாயி துடைத்து வைத்திருக்கிறாள். பத்து நாளைக்கு வா. பிடிக்கவில்லை என்றால் நானே ரயில் ஏற்றிவிடுகிறேன். உன் கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா.

இறைவன் உனக்கு நல்ல தூக்கத்தையும் நல்ல பசியையும் கொடுக்கட்டும்.

உன்னை விட்டால் வேறு நாதியில்லாத,
ஷரீஃபா.

பி.கு.: இந்தக் கடிதத்துக்கு உறை தேடி என் மேஜையின் தபால் தட்டைக் கிளறினேன். நாளிதழ்களுக்கு அடியில், பிரிக்காமல், அலுவலகத்திலிருந்து வந்த தபால் ஒன்று இருந்தது. எங்கள் கிளை முழுநேரமாகவே தொடரலாம் என்ற ஆணை. கையெழுத்தான தேதி ஜூலை இரண்டு. ராமரின் ஸ்பீக்கர் கத்தியது ஒன்பதாம் தேதி.