கல் விழுந்த கல்யாணம்

அக்கரைப்பற்றுச் சந்தையில் இன்று காலை ஒருவர் சாக்கை விரித்துத் தேங்காய்ப்பூக் கீரையைக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தார். ஈரம் காயாத வேரின் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன காக்கா, சிரிக்கீங்க?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் அவர். அந்தக் கீரைக்காரருக்கு உன்னைத் தெரியாது. உன்னை நினைத்துத்தான் சிரித்தேன், மச்சான்.

என் மகளின் நிக்காஹ் நெருங்கிய நேரத்தில் எனக்கு விலாவில் குத்தத் தொடங்கியது. ஸ்கேன் பார்த்த டொக்டர், சின்னக் கல்தான், நிறையத் தண்ணீர் குடித்தால் தானாகவே விழும் என்றார். காய்ச்சல் வந்தாலோ நீர் அடைத்தாலோ உடனே வரச் சொன்னார். நான் பயந்துபோனேன். நீயோ உனக்குப் புது உத்தியோகம் கிடைத்ததுபோலத் துள்ளினாய். டொக்டரிடமே போய் என்னென்ன கொடுக்கலாம் என்று கேட்டு வந்தாய். பிறகு பாலமுனையிலிருந்து உன் மோட்டார் சைக்கிளில் தேங்காய்ப்பூக் கீரை அவித்த தண்ணீரும் வாழைத்தண்டுச் சாறும் வந்தபடி இருந்தன. ஒருநாள் பார்லிக் கஞ்சி, மறுநாள் மடி நிறைய வெள்ளரிப்பழம்.

"வாய்க்கால்ல தண்ணியத் தொறந்து உடு மச்சான், அடைச்சது தானாப் போகும்" என்பாய்.

நிக்காஹ் அன்றும் கீரைத் தண்ணீர்ப் போத்தலோடு வந்து நின்றாய்.

"இண்டைக்கு வேணாம்டா."

"அரைக் கிளாஸ்தான். ஒண்டும் செய்யாது."

செய்தது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளைக் கொடுக்க வேண்டிய நேரத்தில் என்னால் உட்கார முடியவில்லை. எனக்கு ஒரே பிள்ளை, எனக்குப் பதிலாக வேறொருவரை மாப்பிள்ளையின் கையைப் பிடிக்கவிட மனம் வரவில்லை. உன்னைப் பார்த்தேன். நீ எழுந்து மௌலவியிடம், "ஹஸரத், தகப்பன் இன்னொருக்காப் புள்ளக்கிட்டச் சம்மதம் கேட்டுட்டு வரட்டும்" என்றாய்.

"ஓம், அது முக்கியம்" என்றார் அவர். நான் வீட்டுக்குள் ஓடினேன்.

உயிர் போய்த் திரும்பியதுபோல ஒரு வலி. பிறகு கல் விழுந்தது. முகம் கழுவிக்கொண்டு போய் மகளிடம் உண்மையாகவே சம்மதம் கேட்டேன்.

"ஓம் வாப்பா" என்றவள், "ஏன் வாப்பா அழுறீங்க?" என்றாள். அது எதற்கு வந்த கண்ணீர் என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

சபைக்கு வந்து உன் காதில் சொன்னேன். அதைக் காதோடு வைத்திருக்க உன்னால் முடியுமா? "அல்ஹம்துலில்லாஹ், கல்லு விழுந்திட்டு" என்று நீ கத்தியதில் மாப்பிள்ளை வீட்டார் கூரையைப் பார்த்தார்கள். விசயம் விளங்கியதும் மௌலவியே தாடியைத் தடவிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குமுன்பே மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுத்தேன்.

பிறகு ஒரு லுஹர் தொழுகை முடிந்த கையோடு உன் நெஞ்சு நின்றுவிட்டது. ஒரு மிடறு தண்ணீர் தரக்கூட எனக்கு நேரம் வைக்காமல் போய்விட்டாய்.

மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தி போனில் வந்தபோது, சேட்டுக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடி, போகிறவர் வருகிறவரையெல்லாம் மறித்துச் சொன்னேன்.

"வெக்கமில்லையா? அவர்ர பழக்கம் உங்களுக்கும் வந்திட்டு" என்றாள் மனைவி.

வரட்டும், மச்சான். அடுத்தவனுக்கு ஒரு சுகம் கிடைத்தால் ஊரே கேட்கக் கத்துவாயே, அந்தச் சத்தம் இப்போது என் தொண்டையில் இருக்கிறது.