பாதியில் அணைக்கும் விளக்கு

பெங்களூரு
4.11.2024

அன்புள்ள மாமா,

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டையாகிறது, அதனால்தான் எழுதுகிறேன். அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? சிங்கவரத்துக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கியாயிற்றா?

லேபில் இத்தனை நாள் வராத ரியாக்‌ஷன் வந்துவிட்டது. கரைசலில் வெளிச்சம் போட்டால் மூலக்கூறுகள் இஷ்டத்துக்குப் புரண்டு, இடக்கை வலக்கை போல இரண்டு வடிவமும் சரிபாதி வரும். மருந்து செய்ய அதில் ஒன்றுதான் வேண்டும். ஒரு துணைப்பொருளோடு சேர்த்துப் படிகமாக்கினேன். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து இறுகிவிட்டன. புற ஊதா விளக்கின் கீழே வைத்தேன்; வலக்கை மட்டுமே வந்தது. ஒருநாள் பேராசையில் விளக்கை அணைக்காமல் விட்டேன். படிகம் இளகி, இரண்டும் கலந்துபோயின. பாதியில் நிறுத்தினால்தான் சுத்தம்.

தைக்கு ஊருக்குத் திரும்ப முடியாது, ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு வருஷம் வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
பூங்குழலி

செஞ்சி
20.11.2024

அன்புள்ள குழலிக்கு,

அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறது. மல்லாட்டை மழையில் நனைந்து, பாதிக் கடலை முளைத்துவிட்டது. உரக்கடைக்கு வருகிறவர்களெல்லாம், "இன்னாப்பா, உன் பொண்டாட்டி எப்பத்தான் வருது?" என்கிறார்கள். நான் என்ன சொல்ல?

நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அதுவே சொல்லுது பாரு, இறுக்கிப் புடிச்சாத்தான் ஒழுங்கா வருமாம்" என்று சிரித்தாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பாதியில் நிறுத்துவதும் நல்லது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

நம் கடைக்குப் பின்னாலுள்ள பள்ளிக்கூடத்தில் உனக்கு கெமிஸ்ட்ரி டீச்சர் வேலை பேசி வைத்திருக்கிறேன். உனக்குச் சொல்லத் தயக்கமாக இருக்கும் என்று, தையோடு நீ நின்றுகொள்வதாக உன் கைடுக்கு நானே எழுதிவிட்டேன். திட்டாதே. உன் மேல் உள்ள ஆசையில்தான் செய்தேன்.

அன்புடன்
விமல்ராஜ்

பெங்களூரு
29.11.2024

மாமா,

திட்டத்தான் போகிறேன். உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு, கைடு என் விளக்கை, என்னோடு படிக்கும் மஞ்சுவுக்குக் கொடுத்துவிட்டார். அவர் அறையில் போய் நின்று, "எழுதினவரு படிக்கல சார், நான்தான் படிக்கிறேன்" என்றேன். சாயங்காலம் விளக்கு என் மேஜைக்குத் திரும்பி வந்தது.

அத்தைக்கு மிச்சத்தையும் படித்துக் காட்டுங்கள். இறுகி நின்றதால் மட்டும் ஒன்றும் நடந்துவிடவில்லை. அதே படிகத்தை இருட்டு அலமாரியில் வருஷக்கணக்கில் பூட்டி வைத்தாலும் அப்படியேதான் கிடக்கும். வெளிச்சம் பட்டால்தான் மாறும். பாதியில் நிறுத்துவதும் விட்டுவிட்டுப் போவதற்கு அல்ல. மாறாத மிச்சத்தைப் பிரித்தெடுத்து, திரும்பப் படிகமாக்கி, திரும்ப விளக்கடியில் வைக்கிறேன். தீரும்வரை வைப்பேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு போன் செய்து, வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மேல் எனக்கும் ஆசை இருக்கிறது. அதற்காகப் படிப்பை விட மாட்டேன். பொங்கலுக்கு நீங்கள் இங்கே வாருங்கள், சேர்ந்து பொங்கலாம். வராவிட்டால் தனியாகப் பொங்கிச் சாப்பிட்டுவிட்டு லேபுக்குப் போவேன்.

இனி எனக்காக யாருக்கும் எழுதாதீர்கள். எனக்கு எழுதுங்கள்.

பூங்குழலி