மஸ்கட்டுக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு

மஸ்கட்
1 செப்டம்பர் 2024

என் அன்பு அப்பாவுக்கு,

ஜீவிதா எழுதுகிறேன். நானும் உன் மாப்பிள்ளை தேஜஸும் சுகம். வயிற்றில் இருப்பதும் சுகம், ஐந்தாம் மாதம். போனில் நான் கத்துவதும் நீ "என்னா? என்னா?" என்று கேட்பதும் போதும் அப்பா. இனி இப்படித் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பிக்கொள்வோம். காசிநாதன் அண்ணன் போனுக்கு அனுப்புகிறேன்.

நவம்பர் பதினான்கு உனக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. என் டூர் ஆபீசில் வெளியூர்க்காரர்களுக்கு எழுதித் தருவதையே உனக்கும் எழுதுகிறேன், சிரிக்காதே.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புல்கூட முளைக்காத மொட்டை மலை, நடுவில் நீளமாக ஊர். வீடெல்லாம் வெள்ளை. வண்டிகள் வலப்பக்கமாக ஓடும், ரோட்டைத் தாண்டும்போது முதலில் இடது பக்கம் பார். உனக்கு ஹாரன் கேட்காது, என் கையைப் பிடித்துக்கொள். சாயங்காலம் முத்ரா கடற்கரைச் சாலையில் நடக்கலாம். எதிரே பழைய கடைத்தெரு. உள்ளே நுழைந்தால் சந்துக்குச் சந்து சாம்பிராணிப் புகை. பழைய மஸ்கட்டில் மலைமேல் இரண்டு கோட்டைகள், நடுவில் அரண்மனை. வாசல் வரைக்கும் போய்ப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். பெரிய மசூதியைக் காலையில் யாரும் பார்க்கலாம், வெள்ளிக்கிழமை தவிர. முழுக்கைச் சட்டை வேண்டும். செருப்பை நாமே அலமாரியில் வைத்து நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் சின்னக் கிண்ணத்தில் காப்பி ஊற்றுவார்கள். கிண்ணத்தை லேசாக ஆட்டினால்தான் போதும் என்று அர்த்தம், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பெண்களைப் போட்டோ எடுக்காதே. முக்கியமாக, கசகசா கொண்டுவராதே. பிடித்தால் ஜெயில்.

உன் ஜீவி


காஞ்சிபுரம்
15 செப்டம்பர் 2024

செல்ல மகள் ஜீவிதாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

கடிதம் வந்தது. வாலாஜாபாத் ரைஸ்மில்லில் இருபத்தாறு வருஷம் இன்ஜின் பக்கத்தில் நின்றதற்குக் கிடைத்த பரிசு இந்தக் காது. இப்படி எழுதிக்கொள்வதுதான் எனக்கும் வசதி.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் திருடன் மாதிரி இருக்கிறேன். முழுக்கைச் சட்டை இரண்டு வாங்கினேன், வேட்டி இரண்டு. காசிநாதனுக்குச் சிரிப்பு. "ஏரோப்ளேன்ல வேட்டி அவுந்துக்கினா என்னா பண்ணுவ? பேண்ட் போடுப்பா" என்கிறான். எங்கள் செருப்பு ஸ்டாண்டுக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு இதுவரை வரதராஜர் கோயிலைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மஸ்கட்டைப் பற்றியும் சொல்கிறேன். உன் கடிதம் மனப்பாடம். அந்த மசூதியில் செருப்பு பார்த்துக்கொள்ள ஆளே இல்லையாமே? பேசாமல் நான் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிடுகிறேன்.

ஒரு மனக்குறை. நீ அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டாய், போட்டோதான் பார்த்தேன். மாப்பிள்ளை வீடு இதே சின்ன காஞ்சிபுரத்தில், கோயிலுக்குப் பக்கத்துத் தெரு என்றாய். தெருவின் பெயரும் சொன்னாய், போகாதே என்றாய். போகவில்லை. இப்போது பேரப்பிள்ளை வரப் போகிறது. ஒரு தட்டில் பழம் வைத்து எடுத்துக்கொண்டு போய், "சம்பந்தி, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு வரட்டுமா? வாசலிலேயே நின்று பேசிவிட்டு வந்துவிடுகிறேன்.

உன் அப்பா
முனிரத்தினம்


மஸ்கட்
6 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அங்கே போகாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதே. தேஜஸின் அம்மா நவம்பர் பத்தாம் தேதி வருகிறார், வளைகாப்புக்கு. ஒரு மாதம் இருப்பார். வீடு சின்னது. அவர் பழைய காலத்து மனுஷி. தேஜஸ் மெல்ல மெல்லத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். உன் டிக்கெட்டை ஜனவரி நாலுக்கு மாற்றிவிட்டேன்.

ஒரு விதத்தில் அதுவும் நல்லதுதான். ஜனவரியில் இங்கே வெயில் உறைக்காது. காலையில் படகில் போனால் டால்பின் கூட்டம் கூட்டமாகத் துள்ளும். வெள்ளைக்காரர்களே அதற்காக ஒரு வருஷம் காத்திருந்து வருகிறார்கள். நீ இரண்டு மாதம் பொறுக்க மாட்டாயா?

மாத்திரை ஒழுங்காகப் போடு.

ஜீவி


காஞ்சிபுரம்
3 நவம்பர் 2024

ஜீவிதாவுக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் அதிகம். காலையில் ஓர் அம்மா செருப்பை விட்டுவிட்டு, முட்டி வலி என்று எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். அவ்வப்போது வருகிறவர்தான். பெயர்தான் எனக்குத் தெரியாது. காசிநாதன், "என்னாமா, கொஞ்ச நாளா காணோம்?" என்றான். அவர் சொன்னதில் ஒரு சொல் மட்டும் உதட்டிலிருந்து எனக்குப் புரிந்தது. மஸ்கட்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மஸ்கட்டாமா? ரோட்டைத் தாண்டும்போது இடது பக்கம் பாத்துக்கோமா. கசகசா எடுத்துக்கினு போயிடாதீங்க, ஜெயில்ல போட்டுடுவாங்க" என்றேன்.

"நீ போயிருக்கியா என்ன?" என்று சிரித்தார். "கேள்விப்பட்டேன்மா" என்றேன். உடனே போனை எடுத்துக் காட்டினார். மஞ்சள் சுடிதாரில் நீ. பக்கத்தில் மாப்பிள்ளை. "என் மாட்டுப்பொண்" என்றார்.

"லட்சணமா இருக்குதுமா" என்றேன். சம்பந்தி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அதற்குள் அவர் என்னவோ சொன்னார். சரியாகக் கேட்கவில்லை. கையைக் காதுக்குப் பின்னால் வைத்தேன். அவர் எழுந்து கிட்டே வந்து, என் காதில் சத்தமாகச் சொன்னார்: "அப்பா அம்மா இல்லாத பொண்ணு! பாவம், ரெண்டு பேருமே போய்ட்டா! ஹாஸ்டல்ல வளர்ந்தவ!"

எனக்கு அப்போதே கேட்டுவிட்டது. நான் காதிலிருந்து கையை எடுக்காததைப் பார்த்து, கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னார்: "அப்பா செத்துப் போய்ட்டாராம்ப்பா!"

பூக்காரி திரும்பிப் பார்த்தாள். காசிநாதன் தலையைக் குனிந்துகொண்டான். நான் "அய்யோ பாவம்" என்றேன். என் சாவுக்கு நானே துக்கம் விசாரித்தேன், ஜீவிதா.

சாமி கும்பிட்டுவிட்டு வந்தார். செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தேன். நல்ல அம்மாவாகத்தான் தெரிகிறார்.

உன் அம்மா அன்னம்மாள் செத்தது உண்மை. என்னைச் சாகடித்தது மாப்பிள்ளையா, நீயா? அது ஒன்றை மட்டும் எழுது.

அப்பா


மஸ்கட்
6 நவம்பர் 2024

அப்பா,

நான்தான்.

கல்யாணத்துக்கு முன்னால், முதல் தடவை வீடியோவில் பேசும்போது தேஜஸின் அம்மா கேட்டார்: "உன் அப்பா என்ன பண்றார்?" தேஜஸ் பக்கத்தில்தான் இருந்தார், பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் "இல்லை" என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு சொல். ஊரில் இல்லை, வேலையில் இல்லை என்று பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் "அடடா" என்றார், கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் உன்னை எழுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. தேஜஸ் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. இப்போதும், "உண்மையைச் சொல்லிவிடலாம், அம்மா தாங்கிப்பா" என்றுதான் சொல்கிறார். எனக்குத்தான் முடியவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். காலேஜில் படிக்கும்போது ஒரு தடவை மில் தூசியோடு ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றாய். யார் என்று தோழிகள் கேட்டார்கள். எங்கள் ஊர்க்காரர் என்றேன். உனக்குக் கேட்கவில்லை.

ஜனவரி டிக்கெட் அப்படியே இருக்கிறது. அதற்குள் அவர் ஊருக்குத் திரும்பிவிடுவார். வா அப்பா. நாம் இரண்டு பேரும் முத்ராவில் நடக்கலாம். அங்கே நம்மை யாருக்கும் அடையாளம் தெரியாது.

உன் ஜீவி


காஞ்சிபுரம்
18 டிசம்பர் 2024

ஜீவிதாவுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை.

ஹாஸ்டல் வாசலில் நீ சொன்னது எனக்குக் கேட்டது. அப்போது இந்தக் காது இவ்வளவு மோசமில்லை. வெட்கப்படுகிற வயசு, போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஊரிலிருந்து வந்துவிட்டார். நேற்று கோயிலுக்கு வந்தார். வளைகாப்பு நன்றாக நடந்ததாம். பெண் வீட்டுப் பக்கம் வளையல் போட ஒருத்தருமில்லை என்று பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மாவைக் கூப்பிட்டுப் போடச் சொன்னாராம். பையிலிருந்து பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்தார். "மாட்டுப்பொண் குடுத்தனுப்பினா, கோவில்ல எல்லாருக்கும் குடுங்கோன்னு. நீயும் எடுத்துக்கோப்பா" என்று என் கை நிறையக் கொடுத்தார். ஒன்றைச் சாப்பிட்டேன். நல்ல ருசி. மீதியைக் காசிநாதனிடம் கொடுத்துவிட்டேன்.

அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீ பயப்படாமல் பிள்ளையைப் பெற்றெடு.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. யாருக்கும் அடையாளம் தெரியாமல் இருப்பதற்கு நான் கடல் தாண்டி வர வேண்டுமா? இங்கே கோபுர வாசலில் தினமும் அப்படித்தானே இருக்கிறேன்.

இனி காசிநாதன் போனுக்கு எதுவும் அனுப்பாதே. என்ன பிள்ளை பிறந்தது என்று அந்த அம்மா செருப்பு விட வரும்போது கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

முனிரத்தினம்