நான்கு நட்சத்திரம் போதும்

புதுச்சேரி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த நேரம்.

அன்பு மச்சான் ஷஹாபுதீன் அவர்களுக்கு, சுரையா சொல்லும் ஸலாம்.

தோஹாவில் நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, முதுகுவலி இல்லாமல் இருக்க அல்லாஹ் அருள வேண்டும். நானும் நம் மகள் சானியாவும் நலம். மாடல் பரீட்சையில் கணக்கில் மட்டும் சறுக்கியிருக்கிறாள். நானே திட்டிவிட்டேன், நீங்களும் ஆரம்பிக்க வேண்டாம்.

போனில் கடை என்ற பேச்சை எடுத்தாலே கட் பண்ணிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதி, அங்கே வரும் அடுத்த வீதி ஹாஜியார் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைக் கட் பண்ண முடியாது அல்லவா?

மாதக் கடைசிக்குள் கடையை மூடி, சாவியை உங்கள் அண்ணன் முஆஸ் அவர்களிடம் கொடுக்கச் சொல்லியிருந்தீர்கள். கொடுக்கவில்லை. கொடுக்கப் போவதுமில்லை. கோபப்படுங்கள், ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஏ.சி. ரிப்பேருக்கு இப்போது யாரும் தெருவில் விசாரித்து வருவதில்லை. போனில் தேடி, மேப்பில் மேலே வரும் மூன்று கடைகளில் ஒன்றைக் கூப்பிடுகிறார்கள். நாம் எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ இருந்தோம். அது உங்களுக்குப் பொறுக்கவில்லை. உங்கள் அண்ணன் மகனின் வலிமா கல்யாண விருந்தில் அண்ணனே மைக்கைப் பிடித்துச் சொன்னது நினைவிருக்கிறதா? “பிரியாணி சாப்டவங்க எல்லாரும் தம்பி கடைக்கு அஞ்சு ஸ்டார் போட்டுட்டுதான் கை கழுவணும்!” மண்டபமே சிரித்தது. ஒரே வைஃபையில், ஒரு மணி நேரத்துக்குள், அறுபத்து மூன்று பேர் போட்டார்கள். பதினோரு பேர் ஒரே வரியைப் பார்த்து எழுதியிருந்தார்கள். பாரிஸிலிருந்து வந்திருந்த உங்கள் மாமி, ஏ.சி. கடைக்கு “பிரியாணி சூப்பர்” என்று எழுதியிருந்தார்.

போலி ஸ்டார் என்று பிடிபட்டு, நான்காம் நாள் மேப்பிலிருந்து நம் கடையே காணாமல் போனது. போன் அடிப்பது நின்றது. மூன்று மாதம் பார்த்தீர்கள், விசா வந்ததும் கிளம்பிவிட்டீர்கள். ஏர்போர்ட்டில் வைத்து, “கம்ப்யூட்டரு நம்ம கழுத்த அறுத்துடுச்சு” என்றீர்கள். இல்லை மச்சான். கை வைக்காத வேலைக்கு நாம்தான் சாட்சி சொல்ல வைத்தோம். பொய்ச் சாட்சி எவ்வளவு பெரிய பாவம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறுபத்து மூன்றில் என்னுடையதும் ஒன்று. இதை உங்களிடம் இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் போன பிறகு, சமைக்கும்போதெல்லாம் மேப்பில் கடையை மேலே கொண்டுவருவதைச் சொல்லித்தரும் தமிழ் வீடியோக்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். புரியாத வார்த்தையை நோட்டில் எழுதிவைத்து சானியாவிடம் கேட்பேன். ஒரு மாதத்தில் அவள் என்னிடம் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் என் நட்சத்திரத்தை நீக்கினேன். பிறகு மற்ற அறுபத்திரண்டு பேருக்கும் போன் போட்டேன். நம் ஆட்களைத் தெரியுமே, கல்யாணத்தில் வைத்த மொய்யை நான் திருப்பிக் கொடுத்தது மாதிரி கோபித்துப் பேசினார்கள். உங்கள் அண்ணன் குதித்தார். “ஏம்மா, என் தம்பிக்கு நான் ஸ்டார் போடக் கூடாதா?”

“உங்க வூட்டு ஏ.சி.ய இவரு எப்பங்க தொட்டாரு?” என்று கேட்டேன்.

“எங்க வூட்ல ஏ.சி.யே கெடையாதே!”

“அதத்தாங்க நானும் சொல்றேன்” என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நீக்கிவிட்டார்.

அடுத்தது பேர். பலகையில் ‘ஷஹா கூலிங்’ என்று இருக்கிறது. நீங்கள் மேப்பில் ‘ஷஹா கூலிங் நம்பர் ஒன் பெஸ்ட் ஏ.சி. சர்வீஸ் பாண்டிச்சேரி’ என்று அனுமார் வால் மாதிரி நீட்டியிருந்தீர்கள். வெட்டிவிட்டேன். விலாசமும் ஊருக்கு ஒரு பேச்சாக இருந்தது. வெப்சைட்டில் ‘பள்ளிவாசல் அருகில்’, இன்னொரு இடத்தில் பழைய கடை விலாசம், மற்றொன்றில் உங்கள் வாப்பா காலத்துப் பத்திரத்தைப் பார்த்து வீதிக்கு ‘ரூ’ என்று பிரெஞ்சில். போன் நம்பரும் இரண்டு. எல்லா இடத்திலும் கரண்ட் பில்லில் உள்ளபடி ஒரே விலாசம், ஒரே நம்பர் ஆக்கினேன். பலகை போட்டோ, கரண்ட் பில், நகராட்சி லைசென்ஸ் மூன்றையும் மேப் கம்பெனிக்கு அனுப்பி, நடந்த தப்பையும் ஒளிக்காமல் எழுதினேன். பத்தொன்பதாம் நாள் கடை திரும்ப மேப்பில் வந்தது. இரண்டு ரக்அத் தொழுதேன்.

பதினோரு வருஷமாக நான் எழுதும் சர்வீஸ் நோட்டைப் பார்த்து, “நீ என்னா தாசில்தாரா, இத்தினி எழுதற?” என்று கேலி செய்வீர்கள். அந்த நோட்டிலிருந்துதான் வெப்சைட்டை மாற்றி எழுதினேன். காலாப்பட்டில் உப்புக் காற்று வெளி யூனிட்டை எத்தனை வருஷத்தில் அரிக்கிறது, தட்டாஞ்சாவடிப் பட்டறைத் தூசியில் எத்தனை நாளுக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவ வேண்டும், எல்லாம் நீங்கள் வேலை பார்த்துச் சொன்னவைதான். ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு பக்கம். பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, நல்லதாக எழுதுங்கள் என்று கேட்கவில்லை. நடந்ததை எழுதுங்கள் என்று மட்டும் கேட்டேன்.

கதிர்காமம் கமலவேணி டீச்சர் நடந்ததைத்தான் எழுதினார். “வேலை சுத்தம். சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம்.” நான்கு நட்சத்திரம். அங்கே வேலைக்குப் போயிருந்த நம் கடைப் பையன் மதிவாணனுக்கு முகம் விழுந்துவிட்டது. “அக்கா, அந்தம்மாவுக்கு ஒரு சர்வீஸு ஃப்ரீயா பண்ணிக் குடுத்து அஞ்சாக்கிடலாமா?” என்றான். மாட்டேன் என்றேன். “உண்மைதான் டீச்சர், முந்தின வீட்டில் வேலை இழுத்துவிட்டது, போன் செய்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது எங்கள் தப்பு” என்று அதற்குக் கீழேயே பதில் எழுதினேன். அந்தப் பதிலைப் படித்துவிட்டுக் கூப்பிட்டதாக இதுவரை ஏழு பேர் சொல்லிவிட்டார்கள். அறுபத்து மூன்று ஐந்துகள் கொண்டுவராததை ஒரு நான்கு கொண்டுவந்தது.

நாம் நிற்கும் இடத்துக்கு ஏற்றபடி மேப் வரிசையை மாற்றிக் காட்டுமாம். நோட்டும் கையுமாக டவுன் பஸ்ஸில் ஏறி, ஸ்டாப்புக்கு ஸ்டாப் தேடிப் பார்த்தேன். டவுனுக்குள் இரண்டாவது. கதிர்காமத்தில் மூன்றாவது. காலாப்பட்டில் ஐந்தாவது. தட்டாஞ்சாவடியில் நாம் கண்ணிலேயே படவில்லை. உள்ளதைத்தான் சொல்கிறேன். வெயில் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, மதிவாணனால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை.

போன செவ்வாய் உங்கள் அண்ணன், கேஸ் சிலிண்டரையும் வேக்யூம் பம்பையும் மொத்தமாக வாங்க ஒரு ஆளோடு வந்தார். பம்ப் மதிவாணனோடு காலாப்பட்டில் இருந்தது. “வேலைக்குப் போயிருக்கற பொருள எப்டிங்க விக்கறது?” என்றேன். “தம்பி சொல்லிட்டானேம்மா” என்றார். அந்த நேரம் பார்த்துக் கடை போன் அடித்தது. அவரை நிற்க வைத்துவிட்டுப் பேசினேன். பேசி வைப்பதற்குள் அடுத்தது அடித்தது. வந்த ஆள், “இது மூடற கடை மாதிரி தெரியலியே பாய்” என்று போய்விட்டார். உங்கள் அண்ணன் டீயாவது குடித்துவிட்டுப் போனார்.

பொம்பளை கடையில் உட்காருகிறாள் என்று உங்கள் காதில் போடுவார்கள். உட்காருகிறேன்தான். ஊர் பார்க்கத்தான் உட்காருகிறேன். சாவி என்னிடம் இருக்கிறது, நீங்கள் நேரில் வந்து கேட்டால் ஒழிய யாருக்கும் தர மாட்டேன்.

இன்னும் ஒன்று. வெப்சைட்டின் முதல் பக்கத்தில், ‘ஒவ்வொரு வேலையையும் உரிமையாளரே நேரில் வந்து பார்ப்பார்’ என்று நீங்கள் போட்டிருந்த வரியை முந்தாநாள் எடுத்துவிட்டேன். அது இப்போது உண்மை இல்லை. எல்லாப் பொய்யையும் நீக்கிய கைக்கு அது ஒன்றை நீக்கத்தான் வெகுநேரம் ஆனது. அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதவில்லை.

அதைத் திரும்ப எழுதும் நாளை அல்லாஹ் எனக்குச் சீக்கிரம் தரட்டும். ஆமீன் சொல்லுங்கள்.

உங்கள்,
சுரையா.